சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில்: புறப்படும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரிவரை மூன்று முறை சைக்கிளில் புறப்பட்டிருக்கிறேன். முதல் முறை முழங்கால் வீங்கி, இராமநாதபுரத்தில் ரயிலேறித் திரும்பினேன். அடுத்த இரண்டு முறையும் குமரிக் கடலைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். போக விரும்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். அந்தப் பயிற்சி போதாதா?

போதாது. ஞாயிற்றுக்கிழமை 100 கி.மீ. ஓட்டுகிறவர், மறுநாள் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் ஓட்டுகிறார். பல நாள் பயணத்தில் அந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு மீண்டும் அதே சீட்டில் உட்கார வேண்டும். தொடை கனக்கும், உட்காரும் இடம் எரியும், உள்ளங்கை மரத்திருக்கும். அந்த இரண்டாம் நாள் காலைக்குத்தான் உடம்பையும் சைக்கிளையும் தயார் செய்ய வேண்டும். முதல் நாளை உற்சாகமே ஓட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே பயிற்சியை அடுத்தடுத்த நாட்களில் செய்யுங்கள். எட்டு முதல் பத்து வாரம் தேவை. தொடக்கத்தில் சனிக்கிழமை 40 கி.மீ., ஞாயிறு 30 கி.மீ. போதும். வாரந்தோறும் மொத்த தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டுங்கள்; நான்காவது வாரம் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். வார நாட்களில் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓட்டினால் நல்லது. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, பயணத்தில் எடுத்துப்போகும் அதே சுமையைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் தொடர்ச்சியாக 70 அல்லது 80 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் மாலை சிரித்துக்கொண்டு இறங்கினால் நீங்கள் தயார். கடைசி வாரம் லேசாக ஓட்டுங்கள். அந்த வாரத்தில் புதிதாக எந்த வலிமையும் வந்துவிடாது, களைப்புதான் சேரும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஊர்களுக்குள் புகுந்து வெளியேறுவதையும் சேர்த்தால் 750 முதல் 800 கி.மீ. ஆகும். பழகியவர்கள் ஆறேழு நாளில் முடிப்பார்கள். முதல் முறை போகிறவர் பத்து நாள் ஒதுக்குங்கள் என்பேன்.

முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்துங்கள். 55 கி.மீ.தானே என்று இளக்காரமாகத் தோன்றும். ஆனால் கழன்ற திருகு, உரசும் பை, மறந்துபோன பொருள் எல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். அவற்றைச் சரிசெய்ய மதியம் முழுவதும் இருக்கும். அதன் பிறகு புதுச்சேரி, சீர்காழி, வேளாங்கண்ணி, பட்டுக்கோட்டை, தொண்டி, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. தொண்டியிலிருந்து இராமநாதபுரம் 50 கி.மீ. கூட இல்லை; அதை அரை ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி போகும் 120 கி.மீ. சொச்சம்தான் இந்தப் பயணத்தின் மிக நீண்ட பகல். நிழலும் குறைவு.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் புயலும் வெள்ளமும் வழக்கம். மார்ச் முடிந்தால் வெயில் ஏறிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் காற்று. கடற்கரைச் சாலையில் மேடு கிடையாது. காற்றுதான் இங்கே மேடு. தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, தெற்கு நோக்கிப் போகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். வேளாங்கண்ணியைத் தாண்டிச் சாலை தென்மேற்காகத் திரும்பும்போது அந்த உதவி இன்னும் நன்றாகத் தெரியும். அதே மாதத்தில் குமரியிலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறவர் பயணம் முழுவதும் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிலைமை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அது பக்கவாட்டில் அடித்தால் பை கட்டிய சைக்கிளை நேராக ஓட்டுவது சிரமம்.

ஒரு எச்சரிக்கை: பொங்கல் விடுமுறையில் சென்னை - புதுச்சேரி சாலை கார்களால் நிரம்பி வழியும். தைப்பூசத்தையொட்டித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாகப் போகும் பக்தர்கள் சாலையோரம் நடப்பார்கள், விடுதிகளில் இடம் கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா? என்னிடம் கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான் இருக்கிறது.

அதிலேயே போகலாம். சமதளச் சாலைக்குக் கியர் கட்டாயம் இல்லை. ஒரு நாள் தூரத்தை மட்டும் 60, 70 கி.மீ. ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 28 அங்குல சைக்கிளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதற்கான டியூபும் டயரும் வால்டியூபும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். நகரத்து ஹைப்ரிட் சைக்கிளின் 700சி அளவு டயர் மீமிசலிலோ சாயல்குடியிலோ கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

புதிதாக வாங்குவதானால், பின்னால் கேரியர் பூட்டத் திருகுத் துளை உள்ள, 32 முதல் 38 மி.மீ. அகல டயர் ஏற்கும் சைக்கிளாகப் பாருங்கள். ஒல்லியான பந்தய டயர் சுமையையும் சாலையோரச் சரளையையும் தாங்காது. உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத சைக்கிள் எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

புறப்படும் முன் சைக்கிளில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒன்று: சர்வீஸை முந்தைய நாள் செய்யாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். கடையில் அவசரமாக முடுக்கிய இடது பெடல், மரக்காணத்துக்கு முன்னால் கழன்று கையோடு வந்துவிட்டது; பெடலைப் பூட்டும் கையான கிராங்கின் மரையும் தேய்ந்துபோனது. இரண்டு வாரம் முன்பே சர்வீஸ் செய்து, பிறகு குறைந்தது 100 கி.மீ. ஓட்டிப் பார்த்தால் புதுக் கேபிள் இழுபட்டு அடங்கும், தளர வேண்டியது தளரும், வீட்டிலேயே முடுக்கிவிடலாம்.

செயினை அளப்பது எளிது. ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலை வைத்து எண்ணுங்கள். 24 கண்ணி தாண்டி வரும் ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும். கடற்காற்றில் உப்பு இருப்பதால் இந்தச் சாலையில் செயின் ஓரிரவிலேயே துருநிறம் கட்டும். தினமும் மாலை துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் மணல்தான் ஒட்டும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டையைக் குறியாக வைத்துப் பாருங்கள். இட வலமாக ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று எதுவும் இருக்கக் கூடாது. சுமை முழுவதும் பின்சக்கரத்தில் இறங்குவதால், அங்கே செயின் இருக்கும் பக்கத்துக் கம்பிதான் முதலில் உடையும். அந்த நீளத்தில் மூன்று கம்பிகளைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிக் கொண்டு போங்கள். கியர் சைக்கிள் என்றால், பின் கியரைத் தாங்கும் சிறு உலோகக் கொக்கியில் ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் சாய்ந்து விழுந்தால் அது வளைந்துவிடும். மாடலுக்கு மாடல் வடிவம் மாறுவதால் வழியில் கிடைக்காது.

பிரேக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சீட்டில் உட்கார முடியாத வலி வருகிறது. முழங்காலும் வலிக்கிறது. என்ன செய்வது?

அதிகம் பேர் பயணத்தைப் பாதியில் விடுவது இதனால்தான். என் முதல் பயணமும் இதில்தான் முடிந்தது. சீட்டை இரண்டு விரற்கடை தாழ்வாக வைத்திருந்தேன், கால் தரையில் ஊன்ற வசதியாக இருக்கும் என்று. நாகப்பட்டினத்தில் முழங்காலின் முன்பக்கம் முணுமுணுத்தது, தொண்டியில் படியேற முடியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்றாமல், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சரியான உயரம் கிடைத்ததும் சீட் தண்டில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ரயிலில் ஏற்றி இறக்கிய பிறகு அது உதவும்.

முழங்காலைக் காக்கும் இன்னொன்று, லேசான கியரில் வேகமாகச் சுழற்றுவது. நிமிடத்துக்கு 80 சுற்று என்று பழகுங்கள். கனமான கியரை அழுத்தி மிதிப்பவர் காலையில் முந்திப் போவார், மாலையில் பின்தங்குவார். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் பல நாள் பயணத்தின் வேகம்.

உட்காரும் இடத்தைப் பொறுத்தவரை, மெத்தென்ற அகலச் சீட் அரை மணி நேரம்தான் சுகம். பிறகு தொடையை உரசும். நடுத்தரக் கடினமுள்ள, இடுப்பெலும்பு பதிந்து உட்காரும் சீட் நல்லது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது. தையல் மடிப்புதான் தோலைக் கிழிக்கும். உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். விடுதிக்குப் போனதும் ஈரக் கால்சட்டையோடு படுக்கையில் சாயாமல், உடனே குளித்துத் துவைத்துக் காயப்போடுங்கள். கட்டி ஒன்று கிளம்பிவிட்டால் அடுத்த நான்கு நாளும் அதோடுதான்.

பஞ்சர் ஆனால்?

ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேலம். வெட்டி ஏற்றிச் செல்லும் விறகு லாரியிலிருந்து முள் சிதறிக் கிடக்கும். சாலை ஓரத்தில், வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பிகளும் உண்டு. அவை முள்ளைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது.

இரண்டு புது டியூப், பஞ்சர் ஒட்டும் வில்லைகள், சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு டயர் நெம்புகோல், கைப்பம்பு ஆகியவை எப்போதும் கையில் இருக்கட்டும். வழியில் டியூபை மாற்றுங்கள், ஓட்டையை இரவில் ஒட்டுங்கள். புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்ப்பதை மறக்காதீர்கள். முள் அங்கேயே குத்தி நின்றால் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது டியூபும் போகும். வீட்டில் ஐந்து முறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம். ஆனால் அங்குள்ள குழாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது. ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால், பித்தளையில் செய்த சிறு அடாப்டர் ஒன்றை வாங்கித் திருகி வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. டயருக்கு, உங்கள் எடையையும் சுமையையும் பொறுத்து 50 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாக.

எவ்வளவு சுமை எடுத்துப் போகலாம்?

விடுதியில் தங்கிப் போகிறவருக்கு எட்டு கிலோ தாராளம். முதுகில் பை மாட்ட வேண்டாம். அந்தக் கனம் முழுவதும் சீட்டிலும் உள்ளங்கையிலும் இறங்கும். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில், கனமானதை அடியில் வையுங்கள். ஓட்டும் உடை இரண்டு, மாலை உடை ஒன்று, மழைச் சட்டை, கருவி, மருந்து, விளக்கு, சார்ஜர். எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து, மூன்றில் ஒன்றை அலமாரிக்கே திருப்பிவிடுங்கள்.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது?

நம் ஊர்ச் சாப்பாடு சைக்கிளுக்கென்றே அமைந்தது என்று மனதார நம்புகிறேன். புறப்படும் முன் இரண்டு வாழைப்பழம். ஏழரை, எட்டு மணிக்கு இட்லி, பொங்கல். அதன் பிறகு பசிக்காகக் காத்திருக்காமல் மணிக்கு ஒரு முறை எதையாவது வாயில் போடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடம்புக்கு வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம் இருக்கிறது. கடலை மிட்டாயும் பேரீச்சையும் சட்டைப் பையில் உருகாமல் கிடக்கும். திருச்செந்தூரைத் தாண்டினால் உடன்குடிக் கருப்பட்டி, ஒரு துண்டு போதும், கால் மீண்டும் சுழலும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் பரோட்டாவும் மீன் குழம்பும் மணக்கும். அவற்றை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் மிதிப்பது வேதனை.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். இரண்டு போத்தல் பூட்டுங்கள். இராமநாதபுரம் - தூத்துக்குடிப் பகுதியில் மூன்றாவதும் வேண்டும். வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால், வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் குமட்டலும் வரும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் உப்புப் போட்ட நீர்மோரும் குடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற வீட்டு அளவையும் நினைவில் வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதிய அளவு குடிக்கவில்லை என்று பொருள்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

அதில் ஓட்டாமல் இருப்பதுதான் வழி. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றுக்குள் 80 கி.மீ. முடிந்துவிடும். மீதியை நான்கு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கூட வருபவர் பேச்சில் தடுமாறினால், தோல் கொதித்தால், உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அன்றைய பயணம் அதோடு முடிந்தது, பிடிவாதம் வேண்டாம்.

சாலையில் பாதுகாப்பு?

தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஒளி திருப்பும் மேல்சட்டை. விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். வலது கைப்பிடியில் ஒரு சிறு கண்ணாடி மாட்டுங்கள். பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கும் நொடியில்தான் சைக்கிள் சாலைக்குள் விலகும். மாலை இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

நாய் துரத்தினால்?

வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். மெதுவாக்கி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். முதல் முறை இரண்டு மூன்று பேராகப் போனால் மனம் லேசாக இருக்கும். கோயில், தேவாலயம் உள்ள ஊர்களில் குடும்பங்கள் தங்கும் விடுதிகள் கிடைக்கும். இரவு தங்குமிடத்தை முன்பே பேசி வைத்து, தினமும் புறப்படும்போதும் சேரும்போதும் வீட்டுக்குச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்குகளை நம்பலாம், எல்லாம் சுத்தமாக இருக்காது. கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய்விடும். மாதவிடாய் நாட்களில் ஓட்டலாம். துணியையும் நாப்கினையும் அடிக்கடி மாற்ற வேண்டும், தூரத்தை உடம்பு சொல்கிறபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு.

மருத்துவரிடம் பயணத் திட்டத்தைக் காட்டி, இதயப் பரிசோதனையும் முடித்துவிட்டுப் புறப்படுங்கள். நீண்ட நேரம் மிதித்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம், சில நேரம் இரவிலும் இறங்கும். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும், கூட வருபவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

திரும்பி வருவது எப்படி?

ரயில்தான். கன்னியாகுமரியிலிருந்து எழும்பூருக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்தால் சரக்குப் பெட்டியில் ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். விளக்கு, பம்பு, போத்தல், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளுங்கள். பெடலையும் கழற்றி, கைப்பிடியைச் சட்டத்தோடு ஒட்டித் திருப்பிக் கட்டுங்கள். பின் கியரைச் சுற்றிக் கெட்டி அட்டை வைத்துச் சணல் சுற்றுங்கள். பெயர், தொலைபேசி எண், சேரும் நிலையம் மூன்றையும் இரண்டு அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழும்பூரில் அதைக் காட்டித்தான் சைக்கிளை எடுக்க வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டிப்போகக் கைப்பம்பும் பெடல் சாவியும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.